ஆறு பல்லும் ஒரு படுக்கை சீட்டும்

சொந்தக்காரர்கள் கூடிச் சாப்பிட ஹோட்டலுக்குப் போனால், பில் வந்ததும் அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பும். அவர்களில் ஒருவன், டைல்ஸ் கடை மேலாளர், அதற்குள் எழுந்து நின்றிருப்பான். "கார்டு நான் போடுறேன், ஆளுக்கு ஆள் காசை எங்கிட்ட குடுத்துடுங்க." இப்படிச் சொல்லிச் சொல்லியே குடும்பத்தில் அவன் பெயர் "கார்டு" என்று ஆகிவிட்டது. சிலர் அவனைக் கருமி என்றார்கள். அவன் மனைவி பைத்தியம் என்றாள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவன் பர்ஸில் நான்கு கிரெடிட் கார்டு. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு வண்ண ஸ்டிக்கர். சிவப்பு பெட்ரோலுக்கு, பச்சை மளிகைக்கு, மஞ்சள் ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும், நீலம் மற்ற எல்லாவற்றுக்கும். எதை எங்கே தேய்த்தால் வங்கி எத்தனை பரிசு பாயிண்ட் தரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். "வெங்காயம் வாங்க ஜாதகம் பாக்குற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள் மனைவி. தாய்மாமா மேல் வரிசையில் ஆறு பல் கட்டிக்கொண்டபோது, மருமகன் பாசத்தோடு கூடவே வருகிறான் என்று நெகிழ்ந்துபோனார். பல் டாக்டரின் மேஜையில் மஞ்சள் ஸ்டிக்கர் கார்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. வாயில் பஞ்சு இருந்ததால் திட்ட முடியவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் கொடுத்த பணத்தை அன்றைக்கே வங்கியில் கட்டிவிடுவான். வட்டி என்று சல்லிக்காசு கொடுத்ததில்லை. சித்தப்பா வீட்டு ஃப்ரிட்ஜ், மச்சினியின் காலேஜ் ஃபீஸ், கடையில் வேலை செய்கிறவர்களின் மூக்குக்கண்ணாடி என்று ஐந்து வருஷமாக ஊரார் செலவெல்லாம் அவன் கார்டு வழியாகத்தான் போயிற்று. பாயிண்ட் சேர்ந்துகொண்டே வந்தது. எதற்கு என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவுக்காகத்தான். அம்மா விமானங்களின் போர்வையையும் தலையணை உறையையும் வெளுக்கிற பெரிய லாண்டரியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். ஈர மூட்டைகளைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பு தேய்ந்து, இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. எத்தனை விமானத்துக்குப் போர்வை மடித்தாளோ, ஒன்றில்கூட ஏறியதில்லை. அவளுடைய அக்கா, அவனுக்குப் பெரியம்மா, பதினான்கு மணி நேரம் பறந்தால் வருகிற ஊரில் இருந்தாள். சகோதரிகள் நேரில் பார்த்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. போன மாதம் பெரியம்மா போனில் சொன்னாள்: "கண் நரம்பு காஞ்சுக்கிட்டே வருதாம்டி. வருஷக் கடைசி வரைக்கும் தாங்கினா பெரிசுங்கறார் டாக்டர். போன்ல உன் மூஞ்சி தெரிய மாட்டேங்குது. கிட்ட வந்து ஒரு வாட்டி காட்டிட்டுப் போயேன்."

காட்ட வேண்டுமென்றால் அம்மா படுத்துக்கொண்டுதான் போக வேண்டும். விமானத்தின் முன்பக்கத்தில் படுக்கையாக விரிகிற சீட்டு உண்டு. அதன் விலை அவனுடைய பத்து மாதச் சம்பளம். காசுக்குப் பதிலாகப் பாயிண்ட் கொடுத்தால் தொண்ணூறாயிரம். அவனிடம் இருந்தது எழுபத்திரண்டாயிரம்.

அப்போதுதான் ஆசை கண்ணை மறைத்தது. இந்த வாரத்துக்குள் வங்கி பாயிண்டை பெரியம்மா ஊருக்குப் பறக்கிற விமானக் கம்பெனியின் கணக்குக்கு மாற்றினால் நூற்றுக்கு முப்பது கூடுதல் என்று செய்தி வந்தது. பாயிண்ட் சேர்க்கிறவர்கள் எல்லோரும் முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம் ஒன்று உண்டு: சீட் இருக்கிறதா என்று பார்க்காமல் பாயிண்டை மாற்றாதே, மாற்றினால் திரும்பி வராது. பத்துப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன், மொத்தத்தையும் மாற்றிவிட்டுத்தான் சீட் தேடினான். தொண்ணூற்று மூன்றாயிரத்து அறுநூறு பாயிண்ட் கணக்கில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பாயிண்டுக்குத் தருகிற படுக்கை சீட் ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதம் இல்லை, அதற்கடுத்த மாதம் இல்லை, வருஷக் கடைசி வரை இல்லை.

நான்கு நாள் அதை வீட்டில் மறைத்தே வைத்திருந்தான். அதற்குள் அம்மா, அவன் கூட்டிப்போவதாகச் சொன்னதை நம்பி, அக்காவிடம் "வர்றேன்" என்று சொல்லிவிட்டிருந்தாள். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. ஐந்தாம் நாள் காலை, கட்டிலில் படுத்தபடி அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அவன் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அம்மா திட்டவில்லை. கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏண்டா, முன்பக்க சீட்டு விக்காமப் போனா என்ன பண்ணுவாங்க?"

"கிளம்ப மூணு நாள் இருக்கறப்ப பாயிண்ட்டுக்குத் திறந்து விடுவாங்க. ஆனா எந்த வண்டியில விக்காம நிக்கும்னு யாருக்கும்மா தெரியும்?"

"ஏன், எனக்குத் தெரியுமே."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"முன்பக்கப் போர்வைக்கு நீலக் கரைடா. பிளாஸ்டிக் கவர்ல போட்டு அனுப்புவோம். ஆள் வராத சீட்டுக்குக் கவர் பிரிக்காமலே திரும்பி வரும். பிரிக்கலன்னாலும் மறுபடி தொவைக்கணும், அது சட்டம். போறப்பப் போத்தினது ஒரு மூட்டை, வர்றப்பப் போத்தினது ஒரு மூட்டை, ஒவ்வொண்ணுலயும் வண்டி நம்பர் எழுதின அட்டை கட்டியிருக்கும். அக்கா ஊரு வண்டின்னா நான் அந்த மூட்டைய விடுவேனா? என் கையாலதான் பிரிப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பள்ளிக்கூடம் திறந்து மூணாவது வாரம் பாரு. செவ்வாய்க்கிழமை போற வண்டி. பாதிக் கவர் பிரிச்சிருக்காது. வருஷா வருஷம் அப்படித்தான்."

"எட்டு வருஷம் ஆச்சேம்மா நீ வேலைய விட்டு. இப்பவும் ஞாபகம் இருக்கா?"

"எப்படிடா மறக்கும்? அந்த மூட்டை வர்ற அன்னிக்குக் கறை தேய்க்கற வேலை பாதிதான், சீக்கிரம் முடிஞ்சுடும். நானே வந்து உன்னை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டுப் போவேனே."

அம்மா சொன்னது பொய்யில்லை. மற்ற நாளெல்லாம் பக்கத்து வீட்டு அக்காதான் அழைக்க வருவாள். புதுப் புத்தக வாசனை போகாத அந்த வாரங்களில் மட்டும், அதுவும் ஒரே ஒரு நாள், பள்ளி கேட்டில் அம்மா நிற்பாள். ஏன் என்று அவன் கேட்டதே இல்லை. நாலு கார்டையும் வைத்துக்கொண்டு உலகத்தையே கரைத்துக் குடித்ததாக நினைத்திருந்தவன், விமானத்தின் உள்ளே காலே வைக்காத ஒருத்தி சொன்ன செவ்வாய்க்கிழமையைப் போனில் குறித்துக்கொண்டான்.

பள்ளிக்கூடம் திறந்த மூன்றாவது வாரம். அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, கடையில் ஒரு அம்மாளுக்குக் குளியலறை டைல்ஸ் காட்டிக்கொண்டே போனை எட்டிப் பார்த்தான். செவ்வாய்க்கிழமைக்கு நேரே, ஐந்து மாதமாக வெறுமையாக இருந்த கட்டத்தில், ஒரு சீட் என்று வந்திருந்தது. அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினான். மூன்றாவது முறை சரியாக விழுந்தது. டைல்ஸ் அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எங்க அம்மாவுக்குப் படுக்கை கிடைச்சிடுச்சு" என்றான் கண் கலங்க.

"கவலைப்படாதீங்க தம்பி, நல்ல டாக்டரா அமைஞ்சா சீக்கிரம் எழுந்து நடமாடுவாங்க" என்றார் அந்த அம்மாள். அவர் தேர்ந்தெடுத்த டைல்ஸுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கிடைத்தது எதனால் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

தனக்கு வால் பக்கத்தில் காசு கொடுத்து ஒரு சாதாரண சீட் வாங்கிக்கொண்டான். வழியனுப்பக் குடும்பமே வந்திருந்தது. "அங்க மூணு மாசம் சரி, திரும்பி வர்றதுக்குப் பாயிண்ட்?" என்று மனைவி கேட்டாள். தாய்மாமா உதட்டை இழுத்துக் காட்டினார். "கீழ் வரிசை முழுக்கப் பாக்கி கிடக்கு மருமகனே. கட்டிட்டாப் போச்சு!"

பறக்கத் தொடங்கி மூன்று மணி நேரம் கழித்து, பணிப்பெண்ணிடம் கெஞ்சிக் கூத்தாடி முன்பக்கம் போனான். திரையை விலக்கினான். பாதி சீட்டுகள் காலி. ஒவ்வொன்றிலும் கவர் பிரிக்காத நீலக்கரைப் போர்வை. அம்மா சொன்னபடியே, எண்ணி வைத்த மாதிரி. ஜன்னலுக்கு வெளியே மேகத்தின் மேல் வெயில் கொட்டிக்கிடந்தது. அம்மா காலை நீட்டி, முதுகை முழுசாகச் சாய்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. போர்வையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாம்மா?"

இல்லை என்று தலையாட்டினாள். "இருபத்திரண்டு வருஷம் இதைத் தொவச்சேன்டா. போத்திக்கிட்டா இவ்வளவு கதகதப்பா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது." குரலைத் தாழ்த்தினாள். "பதினொண்ணு பிரிக்கல. எண்ணிட்டேன்."

காலடியில் இத்தனை உயரம், அதற்கு மேலே அம்மா படுத்திருக்கிறாள். இதைத் தூக்கிப் பிடித்திருப்பது மாமாவின் பல்லும் சித்தப்பாவின் ஃப்ரிட்ஜும்தான் என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பணிப்பெண் தோளைத் தொடும் வரை அங்கேயே நின்றான்.

இறங்கி வெளியே வந்தபோது பெரியம்மா தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கம்பித் தடுப்பை ஒட்டி நின்றிருந்தாள். எல்லோரும் வந்துபோகிற பக்கமே முகத்தை வைத்திருந்தாள், யாரையும் பார்க்கவில்லை. அம்மா கிட்டே போய் "அக்கா" என்றாள். பெரியம்மா இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்து, மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுக்கு இழுத்தாள்.

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் அவளுக்குப் பேச்சும் நிற்காது. "நான் எங்கக்கா வந்தேன்? நம்ம தம்பியோட ஆறு பல்லு, எங்க கொழுந்தனார் வீட்டு ஃப்ரிட்ஜ், மருமக தங்கச்சியோட ஃபீஸ், இவன் கடைப் பசங்களோட கண்ணாடி, எல்லாருமா சேர்ந்து ஆளுக்கு ஒரு கை குடுத்துத் தூக்கிட்டு வந்து இறக்கிட்டாங்கக்கா. நான் சும்மா படுத்துக்கிட்டுத்தான் வந்தேன்..."

பெரியம்மா கையை எடுக்கவில்லை. நெற்றி, புருவம், நரைத்த காதோரம் என்று அந்தக் கண்கள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன.

"கொஞ்ச நேரம் பேசாம இருடி" என்றாள். "பாத்துக்கிட்டு இருக்கேன்ல."