உள்ளறைச் சுவர்

பாப்பிரெட்டிப்பட்டியில் கருப்பண்ணனின் கீழ்வீட்டுக்குச் சகாயமேரி மகளோடு குடிவந்தது மாசி மாதம். அவள் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கணவனுக்கு ஓசூரில் வேலை.

சித்திரை வெயிலில் ஊரில் போர்வெல்களெல்லாம் வற்றிக் கிடந்தபோதுதான் உள்ளறைச் சுவரில் பூசணம் பிடித்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது தேய்த்த இடம் வெளுப்பாகவே இருந்தது. கட்டில் பக்கமாகச் சற்றுத் தள்ளிக் கறுப்பாகப் பூத்திருந்தது. கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றினாள். பூசணம் எதிர்ச்சுவருக்கு வந்தது, மகள் ஷெர்லின் தலைவைக்கும் இடத்துக்கு நேராக. பிள்ளைக்கு இருமல் நிற்கவேயில்லை.

மாடியிலிருந்த கருப்பண்ணனைக் கூப்பிட்டாள். அவர் உள்ளறை வாசலோடு நின்றுகொண்டார்.

"ஜன்னல சாத்திவெச்சுத் துணி காயப்போட்டா சுவரு பூக்கத்தானம்மா செய்யும்? வூட்ட நீங்கதான் சுத்தமா வெச்சுக்கணும்."

"நான் துணியெல்லாம் வெளியிலதான் போடறனுங்க. உள்ள வந்து பாருங்கண்ணா."

"இங்கிருந்தே தெரியுது."

கட்டிலில் படுத்திருந்த ஷெர்லின் சுவரில் காதை வைத்தபடி சொன்னாள், "அம்மா, இன்னைக்கும் யாரோ வாளி எறக்கறாங்க."

கருப்பண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"வாளியா?"

"என்னங்கண்ணா? என்ன இருக்குது இங்க?"

கருப்பண்ணன் தரையைக் காட்டினார். "இந்த ரூமுக்கு அடியில எங்கப்பா வெட்டுன கெணறு இருக்குதும்மா. மேல சிலாப்பு போட்டுக் கட்டிட்டேன். முன்ன இருந்தவங்களும் இதையேதான் சொல்லிட்டுக் காலி பண்ணாங்க."

"தெரிஞ்சுமா எங்கள வெச்சீங்க? எம்புள்ள மூச்சுவிட முடியாம கெடக்குறா. இத சரி பண்ண வேண்டியது நீங்கதானுங்க."

அவர் மறுக்கவில்லை. மறுநாள் காலையே கொத்தனாரைக் கூட்டிவந்து தரையை உடைத்தார். துவாரத்தில் டார்ச் அடித்து அவரும் கொத்தனாரும் சகாயமேரியும் எட்டிப் பார்த்தார்கள்.

கிணற்றில் பொட்டு ஈரமில்லை. அடிமண் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் துருப்பிடித்த வாளி ஒன்று நிமிர்ந்து நின்றது. அதில் விளிம்பு வரை தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

கொத்தனார் கூலிகூடக் கேட்காமல் சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்றே கருப்பண்ணன் மாடியில் பாதியைச் சகாயமேரிக்கு ஒழித்துக் கொடுத்தார். லாரி லாரியாக மண் கொட்டிக் கிணற்றைத் தூர்த்தார். ஷெர்லினின் இருமல் மெல்ல அடங்கியது.

பூட்டிக் கிடக்கும் கீழ்வீட்டை வாடகைக்குக் கேட்டு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள்.

"அங்க ஆளு இருக்குதுங்க," என்கிறார் கருப்பண்ணன்.