கறுக்காத ஆயில்

கூரியர்காரன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, கையெழுத்துக்கூட வாங்காமல் போய்விட்டான். முன்பெல்லாம் கையெழுத்தாவது கேட்பார்கள். பேனா எழுதவில்லை என்று இரண்டு வார்த்தை பேச இடமிருக்கும். பெட்டியைப் பிரித்தால் உள்ளே தங்க நிறத்தில் ஒரு கேன். கார் என்ஜினுக்கு ஊற்றுகிற ஆயில். இருப்பதிலேயே உசத்தி ரகம் என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் நின்ற இடத்திலேயே படித்து முடித்தேன். பொடி எழுத்தைப் படிப்பதுதான் என் பிழைப்பு. மருந்து டப்பாவுக்குள் ஒரு தாளை மடித்து வைக்கிறார்களே, யாரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுவது, அதில் பிழை பார்க்கிற வேலை. மெயிலில் வரும், திருத்தி மெயிலில் அனுப்புவேன். பல நாட்கள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது.

பெட்டி வந்த செய்தி வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு எனக்கு முன்பே போய்விட்டது போலிருக்கிறது. உடனே போன்.

“வந்துடுச்சாம்மா? இனிமே அதையே ஊத்தச் சொல்லு. சும்மா சும்மா ஒர்க்‌ஷாப்புக்கு அலையாதே. இதை ஊத்தினா வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினாப் போதும்.”

“எனக்கு எதுக்குடா இதெல்லாம்? நான் என்ன ரேஸுக்கா போறேன்?”

“கஞ்சத்தனம் பண்ணாதேம்மா. நான்தானே வாங்கியிருக்கேன்.”

கஞ்சத்தனம். சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கஞ்சம் என்று பெயர் வாங்குவதில் ஒரு சௌகரியம், யாரும் மேற்கொண்டு தோண்டமாட்டார்கள். மலிவான ஆயிலை நான் விடாப்பிடியாக ஊற்றி வந்ததற்குக் காரணம் அது சீக்கிரம் கறுத்துவிடும் என்பதுதான். கறுத்தால் மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். இதை மகனிடம் எந்த வாயால் சொல்வது?

கணவர் போனபிறகு காரை விற்றுவிடு என்று சொல்லாதவர்கள் இல்லை. விற்பதற்கு முன் ஒரு தடவை சர்வீஸ் பண்ணிவிடலாம் என்று போனதுதான் தொடக்கம். பெரிய இடமில்லை. தகரக் கூரை, இரண்டு கார் நிற்கிற அளவு இடம், மூலையில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் பில் போடுகிற மெக்கானிக்கின் மனைவி, அவள் எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. என்னை அதில் உட்காரச் சொல்லி, கேட்காமலே ஒரு டம்ளர் டீயை நீட்டினாள். காருக்கடியில் படுத்திருந்த மெக்கானிக் அங்கிருந்தபடியே, “என் ஸ்பானரை எங்க வெச்சே?” என்று கத்தினான்.

“உங்க ஸ்பானரை வெச்சு நான் என்ன பண்ணப்போறேன், காது குடையவா?” என்று இவள் கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்க அக்கா, இவர் கேக்கறது நியாயமா?” என்றாள்.

என்னிடம் ஒருவர் நியாயம் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் காரை விற்கவில்லை.

மெக்கானிக்கிடம் குரங்குப்பிடியாக ஒரு வழக்கம் உண்டு. பழைய ஆயிலை இறக்கினால் கடைசிச் சொட்டு வரை வடிந்தாக வேண்டும். அவசரப்படுத்தினால் சாவியைக் கையில் கொடுத்து வேறு இடம் பாருங்கள் என்பான். மற்றவர்கள் வாட்சைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். நான் மட்டும் அந்தக் கறுப்புச் சொட்டைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இரு, இன்னும் கொஞ்சம் இரு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருப்பேன். அதற்குள் இவர்கள் இரண்டு சண்டை போட்டு முடித்து, மூன்றாவதைத் தொடங்கியிருப்பார்கள்.

மகன் அனுப்பிய கேனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, பக்கத்து டிரைவிங் ஸ்கூல்காரர் அங்கே கதையடித்துக்கொண்டிருந்தார். கேனைப் பார்த்ததும் அவருக்குக் குஷி வந்துவிட்டது.

“ரோட்டுல ஓடற வண்டிக்கு இது எதுக்கு மேடம்? எல்லாம் விளம்பரம். வீட்டு வேலைக்குப் பட்டுப்புடவை கட்டற கதைதான்.”

“அப்படித்தானே? நானும் அதைத்தான் சொன்னேன்” என்று அவர் பேச்சை ஆவலாகப் பிடித்துக்கொண்டேன்.

மெக்கானிக் கேனைத் திருப்பிப் பார்த்தான். “அவசியம்னு சொல்லமாட்டேன். சாதாரண ஆயிலை நேரத்துக்கு மாத்தினாலே என்ஜின் நல்லாத்தான் இருக்கும். ஆனா இது ரொம்ப நாள் நிக்கும் அக்கா. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.”

மிச்சப்படுத்தி நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? வாய்வரை வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினேன். அவன் புது ஆயிலை ஊற்றினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்து எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டினான். எழுதியிருந்த எண்ணில் பிழை இருக்குமோ என்று இரண்டு தடவை படித்தேன். கடைக்கும் பாங்குக்கும் மட்டும் போய்வருகிற நான் அந்த எண்ணை எந்தக் காலத்தில் எட்டுவேன்?

எட்டிப் பிடிக்கக் கொஞ்சம் முயற்சி செய்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். சாயங்காலங்களில் ஊரைச் சுற்றிப் போகிற புறவழிச் சாலையில் ஏறி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, ஏறிய இடத்திலேயே இறங்குவேன். சுங்கச்சாவடிப் பெண் ஒருநாள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. இவ்வளவு சுற்றியும் ஸ்டிக்கரில் இருந்த எண் எட்டாத தூரத்திலேயே இருந்தது. பெட்ரோல்தான் தீர்ந்தது.

கடைசியில் ஒருநாள், என்ஜினில் ஏதோ சத்தம் வருகிறது என்று எனக்கு நானே சொல்லி நம்பவைத்து, வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டேன்.

உள்ளே என் நாற்காலியில் தடியாக ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கின் மனைவி அவரைப் பார்த்து, “நீங்களே சொல்லுங்க சார், இவர் பேசறது நியாயமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதே குரல், அதே கைவீச்சு. அவர் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், “ம்” என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கிற கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினான். ஆயில் கறுக்கவே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டும் வந்தான்.

“ஒரு சத்தமும் இல்லக்கா. ஆயிலைப் பாத்தீங்கல்ல, தேன் மாதிரி நிக்குது. உங்க பையன் வாங்கிக் குடுத்தது வீண் போகல. வேற ஆளா இருந்தா எதையாவது சொல்லி உங்ககிட்ட பில் போட்டிருப்பான். நீங்க நிம்மதியா போங்க, வருஷம் முடிஞ்சு வந்தாப் போதும்.”

அவன் நேர்மையைக் கண்டு எனக்கு எரிச்சலாக வந்தது. ஏமாற்றிவிட்டுப் போயேன், யார் கேட்டார்கள்? “சரி, காத்தாவது பாத்துடுப்பா” என்றேன். நான்கு டயரையும் பார்த்தான். பின்பக்கம் ஒன்று மட்டும் துளி குறைவாக இருந்தது, நிரப்பினான். “இது மறுபடி இறங்கிச்சுன்னா உடனே கொண்டு வாங்க. வால்வு போயிருக்கும், கழட்டிப் பாக்க நேரமாகும், நீங்க உக்காந்திருக்கணும்” என்றான்.

வண்டியை எடுக்கும்போது மெக்கானிக்கின் மனைவி உள்ளேயிருந்து கையாட்டினாள். “என்னக்கா, உக்காராமலே போறீங்க? வேலை இருந்தாத்தான் வருவீங்களா?”

மனசாரக் கேட்டாளா, மரியாதைக்குக் கேட்டாளா? வழியெல்லாம் அதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மனசாரத்தான் என்று வைத்துக்கொண்டாலும், வேலையில்லாமல் ஒரு நாள் போய் உட்கார்ந்து, என்னக்கா விஷயம் என்று அவள் கேட்டுவிட்டால்? தனியாக இருக்க முடியவில்லை அம்மா, அதனால் வந்தேன் என்று சொல்கிற துணிச்சல் எனக்குக் கிடையாது.

வீட்டுக்கு வந்து வண்டியை நிழலில் நிறுத்தினேன். மெயிலில் திருத்தவேண்டிய தாள்கள் வந்திருக்கும். உள்ளே போகாமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்டயர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வால்வு மூடியைக் கழற்றினேன். கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, உள்ளேயிருந்த குமிழை அழுத்தினேன். உஸ் என்றது. அதிகம் வேண்டாம், அங்கே ஓட்டிக்கொண்டு போகிற அளவுக்கு இருந்தால் போதும்.

“காத்து இறங்கிட்டே இருக்குப்பா” என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பேசாமல் கிடந்த குரல் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். விரலுக்கடியில் காற்று போய்க்கொண்டே இருந்தது.