பொய் சொன்னால் கை என்ன செய்யும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கனிமொழி டீச்சர் ஜெராக்ஸ் கடை மாடிப்படி ஏறும்போதே மேலே ஹாஜா மைதீன் சிரிப்பது கேட்டது. கடை அவருடையது. போன வாரம் அவள் வரவில்லை. விடைத்தாள் திருத்தத் தஞ்சாவூர் போயிருந்தாள். வராதவருடைய ஆளை இருப்பவர் எடுத்து நடத்த வேண்டும் என்பது அந்த விளையாட்டு மேஜையின் ஏற்பாடு. ஆக, அவளுடைய பாத்திரமான கதிரை ஹாஜாதான் நடத்தியிருப்பார்.

விளையாட்டு ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ராம்கி கதை சொல்வான். மற்ற இருவரும் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, 'இப்போது நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எட்டு மாதத்துக்கு முன், கதிர் எப்படிப்பட்டவன் என்று அவள் எழுதிவந்த முதல் தாளை ராம்கி திருப்பிக் கொடுத்துவிட்டான். "இது ஆள் இல்ல டீச்சர், பயோடேட்டா. வீரன், நல்லவன்னா போதுமா? சோத்துல எதை ஒதுக்குவான்? பொய் சொல்றப்ப அவன் கை என்ன பண்ணும்?" இருபது கேள்வி கொடுத்தான். அவள் வீட்டில் உட்கார்ந்து, எண் போட்டு, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு எழுதினாள். கத்தரிக்காயை ஒதுக்குவான். செருப்பை விட்டால் ஒன்று கவிழ்ந்துதான் கிடக்கும். பொய் சொன்னால் இடது காது மடலைத் தேய்ப்பான். முடித்துப் படித்துப் பார்த்தபோது, தாளில் பரிதி உட்கார்ந்திருந்தான்.

பரிதி அவள் தம்பி. பதினோரு வருஷத்துக்கு முன், கொள்ளிடத்தில் உபரித் தண்ணீர் திறந்துவிட்டிருந்த சமயம், ஆடிப்பெருக்குக்கு மறுநாள், "ராஜ்குமார் வீட்டுல நோட்டு வாங்கிட்டு வந்துடறேன்க்கா" என்று வாசலில் நின்று சொன்னான். சொல்லும்போது காதைத் தேய்த்தான். அவள் பார்த்தாள். பார்த்தும், "சீக்கிரம் வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். மூன்றாம் நாள் நாணல் புதரில் கிடைத்தான். தான் பார்த்ததை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இந்த மாடியில் இருப்பவர்களுக்கு, அப்படியொரு தம்பி இருந்ததே தெரியாது. ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் கதிர் என்ற பெயரில் அவனை நடக்கவிட்டாள், வம்பிழுக்கவிட்டாள். தண்ணீர்ப் பக்கம் மட்டும் விடவில்லை.

"உங்க ஆளுக்கு ஒரு கீறல் இல்ல டீச்சர்" என்றார் ஹாஜா. "பரீட்சை பேப்பர்ல நீங்க எத்தனை பேரைச் சாகடிச்சீங்களோ, அது வேற."

ராம்கி நடந்ததைச் சொன்னான். ஆற்றில் வெள்ளம். பாலம் போய்விட்டது. மருந்து அக்கரையில். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று கதிரும் ஹாஜாவின் ஆளும் கரையில் தங்கியிருக்கிறார்கள்.

"கதிரு என்கிட்ட, 'நீ தூங்குண்ணே, நான் இங்கயே காவல் இருக்கேன்'னான். சொல்லிட்டு இப்படிப் பண்ணான்." ஹாஜா ஆள்காட்டி விரலை மடக்கி, நகத்தின் முதுகால் காது மடலை இரண்டு தரம் தேய்த்துக் காட்டினார். "உங்க தாள்ல இருந்துச்சேன்னு சேத்தேன்."

தாளில் தேய்ப்பான் என்றுதான் இருந்தது. எந்த விரலால் என்று அவள் எழுதவில்லை. பரிதி தேய்த்தது அந்த விரலால்தான்.

"அப்ப அவன் ஆத்துல எறங்கப்போறான்" என்றான் ராம்கி, பகடையை அவள் பக்கம் தள்ளி. "என்ன பண்றான் டீச்சர்?"

இறங்கவில்லை என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அப்படிச் சொன்ன நிமிஷம் அந்தக் கரையில் வேறு யாரோதான் உட்கார்ந்திருப்பான். பரிதி எழுந்து போயிருப்பான்.

"பாய், அவன் காதைத் தேச்சதை உங்க ஆளு பாத்தானா?"

ஹாஜா யோசித்தார். "பக்கத்துலதானே படுத்திருக்கான். பாத்திருப்பான்."

"பாத்தா கேக்க வேண்டாமா? பாத்துட்டுப் பேசாம இருந்தா எப்படி?"

வகுப்பில்கூட அவள் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. ஹாஜாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் ஆளின் கரகரத்த குரலில் கேட்டார்: "டேய் கதிரு. எங்கடா போற?"

அவள் வாயைத் திறந்தாள். உண்மையைத்தான் சொல்ல நினைத்தாள்.

"எங்கயும் போகலண்ணே. இங்கதான் இருக்கேன்."

ராம்கி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தான். அப்போதுதான் இடது காது மடல் சுடுவது அவளுக்குத் தெரிந்தது. மடக்கிய விரல் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஹாஜா பகடையை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"கையை எறக்கிட்டுச் சொல்லு" என்றார்.

கை இறங்கவில்லை.