பேருந்தை நிறுத்திய நுரையீரல்கள்

அந்த வீட்டில் குருவிக்கும் அவள் நாத்தனாருக்கும் நடுவே பேசக்கூடாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். எலிகள். மற்றபடி எல்லாம் பேசினார்கள், எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள், அவசரத்தில் ஒருவர் செருப்பை மற்றவர் மாட்டிக்கொண்டு போய்விட்டு மாலையில் அதற்கும் ஒரு சண்டை போட்டார்கள். எலி என்ற பேச்சு வந்தால் மட்டும் நாத்தனார் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்துவிடுவார்.

இருவரும் வேலை பார்த்தது ஒரே ஆராய்ச்சி நிலையத்தில். குருவி என்பது அங்கே வைத்த பெயர். ஆள் சின்னது, குரல் கீச்சு, வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. அவள் ஆராய்ந்தது மெலனோமாவை. தோலில் சாதுவான மச்சம்போலத் தலைகாட்டி, கொஞ்சம் அசந்தால் உடம்பெல்லாம் பரவிவிடும் புற்றுநோய் அது. கட்டிக்கு வளரச் சாப்பாடு வேண்டும். அதனால் அது பக்கத்து இரத்தக் குழாய்களுக்கு ஒரு புரதத்தைத் தூது அனுப்பும், “இந்தப் பக்கம் வளர்ந்து வா” என்று. குழாய்களும் நல்ல பிள்ளைகளாகக் கிளைவிட்டு வரும். வந்த பாதையிலேயே கட்டியின் செல்கள் ஏறிக்கொண்டு நுரையீரல்வரை போய்க் குடித்தனம் வைத்துவிடும். அந்தத் தூது குழாய்களின் காதில் விழாமல் தடுக்கும் மருந்து ஒன்றைத்தான் குருவி வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மருந்து பலித்ததா என்று பார்க்கும் வேலையில் அவளை யாரும் பக்கத்தில் சேர்க்கவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்பது அங்கே விதி. பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று புள்ளியியல்காரர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். கட்டியின் அளவை எடுப்பது எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண். எல்லாருக்கும் அவள் எலியம்மா. நுரையீரலை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவது நாத்தனார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. உண்மை வெளிவரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

குருவி சும்மா இருப்பாளா? நாத்தனாரின் முகத்தைப் படிக்க ஆரம்பித்தாள். அவர் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டால் நல்ல சேதி, தட்டில் மீதி வைத்தால் போச்சு. ஒரு நாள் நாத்தனார் குளிக்கும்போது பாடினார் என்பதற்காகக் குருவி அலுவலகத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் கதவைப் படாரென்று சாத்தினார் என்பதற்காக இரவெல்லாம் புரண்டாள்.

“அவங்களுக்குப் பல்வலிம்மா,” என்றான் கணவன். அவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவே நடுவராக இருந்து தேறியவன். “பல்வலிக்கும் உன் எலிக்கும் என்ன சம்பந்தம்?”

ஒருவழியாக உண்மையைத் திறக்கும் நாள் வந்தது. சின்னக் கூட்ட அறை, நீள மேசை, எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் திரை. ஆய்வுக்கூடத் தலைவர் வந்து உட்கார்ந்தார். நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் ஒரே மாதிரி நீளமாக மூச்சு விடுவதால் அவருக்குப் பெருமூச்சு என்று பெயர். எதிரில் நாத்தனார், கல் மாதிரி. சுவரோரம் எலியம்மா.

புள்ளியியல்காரர் தொண்டையைக் கனைத்தார். அவர் பேசினால் சட்டைப் பொத்தானுக்குத்தான் கேட்கும்.

“முதல்ல கட்டியோட அளவு. மருந்து குடுத்ததுக்கும் குடுக்காததுக்கும்... வித்தியாசம் இல்லைங்க.”

“கொஞ்சங்கூடவா?” என்றாள் குருவி.

“கொஞ்சங்கூட.”

பெருமூச்சு ஒரு பெருமூச்சு விட்டார். குருவிக்குக் காதில் ரீங்காரம் ஆரம்பித்தது. எத்தனை வருஷம், எத்தனை எலி, எத்தனை ஞாயிற்றுக்கிழமை! புள்ளியியல்காரரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. “ஒரு நிமிஷம்,” என்று எழுந்தவள் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். படியிறங்கினாள், வாசலைத் தாண்டினாள், வந்து நின்ற முதல் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். கையில் ஆய்வுக்கூடத்து நீலக் கையுறை அப்படியே இருந்தது. செல்போன் மேசைமேல் இருந்தது.

அறைக்குள் புள்ளியியல்காரர் அடுத்த பக்கத்துக்கு வந்திருந்தார். “இப்போ நுரையீரல்...” என்று தொடங்கி, எந்தச் சீவல் எந்தப் பக்கத்து எலியுடையது என்று திரையில் காட்டினார். நாத்தனார் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு நாற்காலி பின்பக்கம் சாய, “எங்க அவ?” என்று எழுந்தார்.

நாத்தனார் கனத்த உடம்புக்காரர். நிலையம் தீப்பிடித்தாலும் நடந்துதான் வெளியே வருவார் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். அன்றைக்கு அவர் ஓடினார். தாழ்வாரத்தில் கண்ணாடிக் குடுவைகளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் வண்டியோடு சுவரில் ஒட்டிக்கொண்டான். வாசலுக்கு வந்தபோது பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

“ஏறுங்க!” என்றாள் பின்னாலேயே வந்த எலியம்மா, தன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே.

“நான் இதுல உட்கார்ந்ததே இல்லை.”

“இன்னிக்கு உட்காருங்க!”

நாத்தனார் ஏறினார், ஸ்கூட்டர் ஒரு தடவை முனகியது. எலியம்மாவின் உபரித் தலைக்கவசத்தை அவர் முன்பின் பார்க்காமல் மாட்டிக்கொண்டதில், வழி முழுக்க ஒரு கண்ணால்தான் உலகம் தெரிந்தது. ஒரு கையால் எலியம்மாவின் இடுப்பு, மறு கையால் கண்ணாடி. ஒவ்வொரு பள்ளத்திலும் “ஐயோ”, ஒவ்வொரு “ஐயோ”வுக்கும் ஒரு சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

சிவப்பு விளக்கில் பேருந்து மாட்டியது. குருவி ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். டப் டப்பென்று கண்ணாடியில் அடி விழுந்தது. திறந்து பார்த்தால், திருப்பிப் போட்ட தலைக்கவசத்துக்குள் நாத்தனாரின் பாதி முகம்; வாய் திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் இல்லை. ஸ்கூட்டரே ஏறாத ஆள் ஸ்கூட்டரில் வந்து தட்டினால் என்ன அர்த்தம்? வீட்டில் கணவனுக்கு ஏதோ ஆகிவிட்டது!

“நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!” என்று அலறினாள் குருவி.

விளக்கைத் தாண்டி ஓட்டுநர் ஓரங்கட்டினார். நாத்தனார் கம்பியைப் பிடித்து ஏறி நின்றார். மூச்சு வாங்கியதில் வார்த்தை முழுசாக வரவில்லை.

“நுரை... நுரை...”

“நுரை தள்ளுதாம்! யாராவது தண்ணி குடுங்க!” என்று எழுந்தார் முன்சீட்டுப் பெரியவர். நாலு பக்கமிருந்து நாலு தண்ணீர் பாட்டில்கள் நீண்டன.

“யாருக்குக்கா? அவருக்கா?” என்று குருவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அவனுக்கு என்ன கேடு! எலிக்குடி!”

“எலிக்கு நுரை தள்ளுதாம்,” என்று சேதி பின்சீட்டுவரை போனது. “விஷம் வெச்சுட்டாங்க போல,” என்று பின்சீட்டிலிருந்து திரும்பி வந்தது.

நாத்தனார் ஒரு பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தார். பிறகு பேருந்தே அதிரச் சொன்னார்: “நுரையீரல் சுத்தம்! மருந்து குடுத்த எலி எல்லாத்துக்கும் நுரையீரல் பளிச்சுனு இருக்குடி! உப்புத் தண்ணிப் பக்கந்தான் மிளகு தூவின மாதிரி கறுப்புக் கறுப்பா இருக்கு. கட்டி குறையலை, சரி. ஆனா பரவலை! பாதியில எழுந்து வருவியா நீ, அவசரக்குடுக்கை!”

குருவி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். நாத்தனாரைக் கட்டிக்கொள்ளப் போய் நடுவில் நின்ற பெரியவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். என்னவென்று புரியாமலேயே பாதி வண்டி கைதட்டியது.

“எலிக்காகவா வண்டியை நிறுத்தினீங்க?” என்றார் ஓட்டுநர்.

“நல்ல எலிங்க அது,” என்றாள் கீழே நின்ற எலியம்மா, உரிமையோடு.

இறங்கி, பக்கத்து நிறுத்தத்துச் சிமெண்டு மேடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். சிரித்துச் சிரித்துக் குருவிக்கு விக்கல் எடுத்தது.

“உனக்கு ஒண்ணு சொல்லணும்,” என்றார் நாத்தனார். “இத்தனை மாசமா ரெண்டு விதமான நுரையீரலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணு சுத்தம், ஒண்ணு முழுக்கப் புள்ளி. எது எந்தப் பக்கம்னு மட்டும் தெரியாது. சுத்தமானது உப்புத் தண்ணிப் பக்கமா இருந்துட்டா? உன் மருந்தே பரப்பிவிட்டதுன்னு ஆயிடுமே. சந்தோஷப்படவும் முடியலை, பயப்படவும் முடியலை. பாத்திரந்தான் தேய்ஞ்சுது.”

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, “என் வீட்டுக்காரருக்குக் குதிகால்ல இருந்த மச்சம் எவ்வளவு பெரிசு? கடலை அளவுகூட இல்லை. அதை அன்னிக்கே வெட்டி எடுத்துட்டாங்க,” என்றார். “கட்டியா அவரைக் கொண்டுபோச்சு? பரவினதுதானே.”

குருவி உறை மாட்டிய கையாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது. அப்போது பார்த்துக் குருவிக்கு மறுபடி ஒரு விக்கல், பூனைக்குட்டி மிதிபட்ட மாதிரி. நாத்தனாரால் அடக்க முடியவில்லை. இருவரும் மேடையிலிருந்து சரிந்து விழாத குறை.

திரும்பி நடந்தே போனார்கள். எலியம்மா ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு கூடவே வந்தாள். நுண்ணோக்கி அறையில் ஏற்கெனவே கூட்டம்: காவலாளி, துப்புரவுப் பெண்மணி, குடுவை வண்டிக்காரன், எல்லாருக்கும் ஒரு கண் பார்த்துவிட வேண்டும். எல்லாரையும் விலக்கிக் குருவி குனிந்தாள். இளஞ்சிவப்புச் சல்லடைபோல நுரையீரல், ஒரு பொட்டுக் கறுப்பு இல்லாமல். நாத்தனார் கட்டியின் சீவலை மாற்றி வைத்தார்.

“இந்த ஓரத்தைப் பாரு. உள்ளே பழைய குழாய் இருக்கு, அது சாப்பாடு போட்டுக்கிட்டேதான் இருக்கு. அதான் கட்டி குறையலை. ஆனா ஓரத்துல புதுசா, ஒழுகுற மாதிரி குழாய் வளருமே, அது இல்லை. வெளியே போக வழி இல்லாம உள்ளேயே உட்கார்ந்திருக்கு.”

“எலி மனுஷன் இல்லை,” என்றார் பின்னால் வந்து நின்ற பெருமூச்சு. “இன்னொரு தடவை செய்யணும். வேற ஆளுங்க எண்ணணும்.” சொல்லி முடித்து மூச்சை இழுத்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். வந்தது சிரிப்பு; அதுவும் இளவட்டச் சிரிப்பு, நிறுத்தத் தெரியாமல்.

மறுபடி செய்தார்கள். இந்தத் தடவை எண்ணியது வேறொரு நிலையத்து ஆட்கள். முதல் தடவைபோல அத்தனை எலிகளும் சுத்தமாக இல்லை. சிலவற்றில் புள்ளி இருந்தது. குருவி அதையும் ஒளிக்காமல் எழுதினாள். ஆனால் பெரும்பாலானவை தப்பித்திருந்தன, அதில் சந்தேகமில்லை.

அந்த ஆய்வு இதழில் வெளியான வாரம், மெலனோமா நோயாளிகளையே பார்க்கும் டாக்டர் ஒருவர் வீட்டுக்கே போன் செய்தார். குருவி எடுத்தாள். யார் பேசுவது என்று தெரிந்ததும் நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து மறுபக்கம் காதை வைத்தார். இருவர் தலையும் ணங்கென்று மோதிக்கொண்டன.

“ஹலோ? இதை மனுஷங்ககிட்ட சோதிக்கறதைப் பத்திப் பேச எப்போ வரலாம்?” என்றது போன்.

குருவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“இப்பவே வாங்க!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.