பேராச்சி எழுதிக் கொடுத்த சீட்டு

எனக்குத் தமிழ் பேச வரும். எழுத வராது, வாசிக்கவும் வராது. செம்பூரில் பிறந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதனால் நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் ஷாகிர் இதை எழுதுகிறார். அவர் தாராவியில் முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த மனுஷன். நடுவில் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டால் எனக்குத் தெரியப்போவதில்லை என்பதால், பக்கத்துக்குப் பக்கம் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். "நீ யாரத்தாம்ளா நம்புவ?" என்று கேட்டார். அதையும் எழுதுங்கள் என்றேன்.

நம்புவது என் தொழில் இல்லை. ஐரோலியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எட்டு வருஷமாக கிளெய்ம் பார்க்கிறேன். மூன்று ஊர் ஆஸ்பத்திரி பில்லில் ஒரே டாக்டர் கையெழுத்து இருக்கும். இல்லாத காலுக்கு மாவுக்கட்டு போட்டிருப்பார்கள். இதையெல்லாம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். பேப்பரைப் பார்த்தால் முதலில் எங்கே பொய் இருக்கிறது என்றுதான் தேடுவேன். ஆளைப் பார்த்தாலும் அப்படித்தான்.

மகள் சஃப்ரீனுக்கு ஆறு மாதம் ஆயிற்று, என் லீவும் முடிந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடுவோம் என்று மேனேஜர் மெயில் அனுப்பிவிட்டார். என் உம்மா உயிரோடு இல்லை. மாமிக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன். ஆகவே பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், திங்கட்கிழமைக்குள் வேண்டும். வேலை போனால் போகிறது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த நாற்காலிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏஜென்சி அனுப்பிய முதல் பெண் வந்ததும் வைஃபை பாஸ்வர்ட் கேட்டாள். இரண்டாவது ஆள் கொடுத்த ஆதார் கார்டில் இருந்த முகத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. "அது என் தங்கச்சி, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். மூன்றாவது ஆளை நான் கேட்ட கேள்வியில் அவளே எழுந்து போய்விட்டாள். இருபத்திரண்டு கேள்வி வைத்திருந்தேன், அவளால் ஒன்பதைத்தான் தாங்க முடிந்தது.

நான்காவதாக வந்தவள் பேராச்சி. வயது நாற்பத்தைந்து இருக்கும். சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம், இருபது வருஷமாகத் தாராவி. மாட்டுங்காவில் ஷ்யாமளா என்ற பேங்க் ஆபீசர் வீட்டில் இரட்டைக் குழந்தைகளை நாலு வருஷம் வளர்த்தவள். எங்கள் கட்டடத்திலேயே பி விங்கில் ஒரு வீட்டில் சாயந்திரம் சமையலும் பார்த்தாள். இருபத்திரண்டு கேள்விக்கும் அசையாமல் உட்கார்ந்து பதில் சொன்னாள். கடைசியில், "இன்னும் ஏதும் இருக்காம்மா, இல்ல அம்புட்டுத்தானா?" என்று கேட்டாள்.

ஷ்யாமளாவுக்குப் போன் செய்தேன். "தங்கமான மனுஷி. கண்ணை மூடிண்டு வெச்சுக்கலாம்" என்றார். அவ்வளவு நல்லவளை ஏன் விட்டீர்கள் என்றேன். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போய்விட்டார்களாம். சரிதான், ஆனால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் டிரையல் என்று சொன்னேன். தொட்டிலுக்கு எதிரே அலமாரியில் கேமரா ஒளித்த கடிகாரம் ஒன்றை வாங்கி வைத்தேன். பாத்ரூமில் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் என் தங்கக் கம்மல் ஒன்றை மறந்ததுபோல் வைத்தேன். பத்து நிமிஷத்தில் பேராச்சி அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"இதக் குளிக்கிற எடத்துல வைக்காதிய. தண்ணியோட போனாலும் எனக்குத்தான் கெட்ட பேரு."

சோதனை என்று தெரிந்துகொண்டுதான் கொடுத்தாளோ என்று எனக்கு ஓடியது. ஷாகிரிடம் சொன்னேன். "எடுத்தா திருடி, குடுத்தா பெரிய திருடியா? நல்லா இருக்கே ஒன் நியாயம்!" என்று சிரித்துவிட்டு, தோல் பை வொர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினார். அவருக்கென்ன, சிரிப்பார். பிள்ளையை விட்டுவிட்டுப் போகப்போவது நான் அல்லவா!

வியாழக்கிழமை சஃப்ரீன் நாள் முழுக்க அழுதாள். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீலென்று கத்தினாள். வெள்ளிக்கிழமை காலையும் அதே கத்தல். பேராச்சியிடம் பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்கு எதிரே உடுப்பி ஹோட்டலில் போய் உட்கார்ந்து போனில் கேமராவைத் திறந்தேன்.

பேராச்சி தொட்டிலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சஃப்ரீன். இடுப்பில் இருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புத் துண்டை எடுத்தாள். ஒரு பக்கம் கரியாகச் சுட்டிருந்தது. சின்னக் கல்லில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு உரசி, விரலால் வழித்து, பிள்ளையின் தொப்புளைச் சுற்றித் தடவினாள். கொஞ்ச நேரத்தில் என் மகள் அழுகையை நிறுத்தினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

பகலில் இருபது நிமிஷத்துக்கு மேல் தூங்காத பிள்ளை! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளைகளுக்கு அபினைக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு டீவி பார்க்கிற ஆயாக்களைப் பற்றி எங்கள் சொசைட்டி அம்மாக்கள் குரூப்பில் மாசம் ஒரு கதை வரும். அதுதான் என் வீட்டிலும் நடக்கிறது என்று முடிவே செய்துவிட்டேன். காபியை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் விழித்து என்னை முறைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடினாள்.

"என்ன அது? பைக்குள்ள இருக்கிறது என்ன?"

"பொருமலுக்குத் தடவுறதும்மா. பிள்ளைக்கு வயிறு கல்லாட்டம் இருந்துச்சு. வாயில ஒண்ணும் குடுக்கல."

"அதுக்குப் பேர் என்ன?"

பேராச்சி பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அதுக்குப் பேரு சொல்லப்படாதும்மா."

"ஏன் சொல்லக்கூடாது?"

"சொல்லப்படாதுன்னா சொல்லப்படாது. பிள்ள இருக்கிற எடத்துல வாய்விட்டுச் சொல்லமாட்டோம். கடையில கூட பேரு சொல்லாம, கையக் காட்டித்தான் வாங்குவோம்."

"எந்தக் கடை?"

"தாராவியிலதான்."

இதற்கு மேல் என்ன வேண்டும்! தாராவியில் பேர் சொல்லாமல் கையைக் காட்டி வாங்குகிற கறுப்புச் சாமான். எட்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் என்னிடம் மாட்டியதில்லை. எனக்கு அதுவரை வாயில் இருந்த 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"பேரைச் சொல்றியா, போலீசைக் கூப்பிடவா?"

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. மேஜையில் கிடந்த பால் பில்லைத் திருப்பி, என் பேனாவை எடுத்து, நிதானமாக ஒரே ஒரு சொல்லைத் தமிழில் எழுதி நீட்டினாள். "சொல்லத்தான் கூடாது. எழுதலாம். பாத்துக்கிடுங்க."

நான் வாங்கிப் பார்த்தேன். நாலைந்து சுழி, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அஞ்சாங்கிளாஸ் படித்த வேலைக்காரியின் முன்னால், எம்.காம் படித்த நான், என் சொந்த பாஷையில் ஒரு சொல்லை வாசிக்கத் தெரியாமல் நின்றேன். எனக்குத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசித்ததுபோல் தலையை ஆட்டினேன். போனில் படம் எடுத்தால் அதுவே வாசித்துச் சொல்லும் என்று பிறகு எல்லாரும் புத்தி சொன்னார்கள். பொங்கிக்கொண்டு நிற்கிறவளுக்கு அதெல்லாம் தோன்றுமா?

சீட்டைக் கசக்கி எறிந்தேன். "இதையா என் பிள்ளை மேலே தடவினே? வெளியே போ."

பேராச்சி சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினாள். அவள் லிஃப்டுக்குள் ஏறுவதற்குள் நான் கேமரா படத்தை அம்மாக்கள் குரூப்பில் போட்டுவிட்டேன், முகம் தெரிகிற மாதிரி. 'ஜாக்கிரதை' என்று மேலே வேறு எழுதினேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "கேஸ் போயிடுச்சு, அதான் தூங்குறா. ரெண்டு நாள் தூக்கம் பாக்கி இருக்குல்ல?" என்றார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து ஷ்யாமளாவைக் கூப்பிட்டு, நீங்கள் சிபாரிசு செய்த ஆள் லட்சணத்தைப் பாருங்கள் என்று பொரிந்து தள்ளினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"கறுப்பா, வேர் மாதிரி இருந்துதா?"

"ஆமா."

"பேர் சொல்ல மாட்டேன்னாளா?"

"ஆமா!"

"நானும் சொல்ல மாட்டேன். எங்காத்துலயும் அதைப் பேர் சொல்லாததுன்னுதான் சொல்லுவோம். நாட்டு மருந்துக் கடைல கெடைக்கற வேர்தான், அபினும் இல்லை ஒண்ணும் இல்லை. எழுதியாவது காட்டினாளோ?"

"காட்டினா."

"அப்போ நீங்களே படிச்சிருப்பேளே?"

 போனை வைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ஷாகிர் குப்பைக்கூடையிலிருந்து சீட்டை எடுத்து விரித்தார். "வசம்பு" என்றார். "அட, எனக்கு எங்க உம்மா இதத் தடவாத நாள் இல்ல. இதுக்கா அந்த மனுஷிய வெரட்டுன?" எனக்கு அழுகையாக வந்தது. குரூப்பில் போட்டதை அழித்து, தப்பு என்னுடையது என்று எழுதினேன். பி விங் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன். அவர்கள் அதற்குள் பேராச்சிக்குப் போன் செய்து இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "வேற ஆள் பாத்தாச்சு, விடுங்க" என்று கதவைச் சாத்தினார்கள். என் ஒரு படத்தில் ஒரு மனுஷியின் பிழைப்பு போய்விட்டது.

சனிக்கிழமை காலை பிள்ளையையும் ஷாகிரையும் கூட்டிக்கொண்டு தாராவிக்குப் போனேன். பேராச்சி வாசலில் உட்கார்ந்து குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். சஃப்ரீன் அவளைப் பார்த்ததும் துள்ளிக்கொண்டு கையை நீட்டினாள். பேராச்சி கையைக் கட்டிக்கொண்டாள்.

"தூக்கமாட்டேன். பொறவு எதையாவது தடவிட்டேம்பிய."

"தப்புப் பண்ணிட்டேன் அக்கா" என்றேன்.

"கேமராவுக்கு ஒளிச்சா செஞ்சேன்? அந்தக் கடியாரம் மொத நாள்லேருந்து பத்து நிமிசம் பிந்தி ஓடுது. மணி பாக்க ஆகாத கடியாரத்தத் தொட்டிலுக்கு நேரா எவ வைப்பா? தெரிஞ்சுதான் அதுக்கு முன்னால உக்காந்து தடவுனேன், நீங்க பாக்கட்டும்னு." கட்டிய கையை அவிழ்த்துக் குடத்தை இழுத்துக்கொண்டாள். "கம்மல வச்சிய, கேமரா வச்சிய, அதெல்லாம் போகட்டும். பெத்தவ மனசு. ஆனா பேர எழுதிக் குடுத்தேன். அதப் பாத்த பொறவும் வெளிய போன்னு சொன்னியளே, அதத்தாம்மா என்னால தாங்க முடியல. ராத்திரி பூரா சோறு எறங்கல."

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. நான் வாசித்துவிட்டுத்தான் விரட்டினேன் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

"நான் பார்க்கலை அக்கா. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது."

பேராச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசமாவா?"

"சத்தியமா. சொல்ல வெட்கமா இருந்தது."

கொஞ்ச நேரம் அவள் குடத்தையே தேய்த்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அப்ப அத எழுதித் தாங்க. தமிழ்லயே எழுதணும். இங்கிலீசுல எழுதுனா நீங்க என்ன எழுதியிருக்கியன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

ஷாகிர் பைக்கிலிருந்து வொர்க்‌ஷாப் நோட்டை எடுத்துவந்து எழுதினார். பேராச்சி விரலை வைத்து உரக்க வாசித்தாள். 'தவறாகப் புரிந்துகொண்டு அனுப்பிவிட்டேன்' என்ற இடத்தில் நின்றாள்.

"இது பொய்யி. புரிஞ்சுக்கிடவே இல்ல, பொறவு என்ன தவறா? அடிச்சுட்டு ஒழுங்கா எழுதுங்க."

ஷாகிர் அடித்துவிட்டு எழுதினார்: 'பேராச்சி மருந்தின் பேரை எழுதிக் காட்டினாள். எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லாமல் அவள் மேல் பழி போட்டேன்.' கீழே நான் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டேன். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

பேராச்சி தாளை என்னிடமே நீட்டினாள். "இந்தாங்க, வாசிங்க."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "எனக்குத் தெரியாது அக்கா."

"ம்." தாளைத் திரும்ப வாங்கி நாலாக மடித்து, வசம்பு இருந்த சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். "இனிமே எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல இதத்தான் குடுப்பேன். தெரியாட்டித் தெரியாதுன்னு வாயத் தொறந்து சொல்லுதாவளான்னு பாப்பேன். சொல்லாத வீட்டுல பிள்ளையத் தொடமாட்டேன்."

 சஃப்ரீன் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

"நீங்க இன்னைக்குச் சொல்லிட்டிய" என்றாள் பேராச்சி, பிள்ளையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டே. "திங்கக்கெழம எட்டு மணிக்கு வாரேன்."

இதுவரை எழுதியதை ஷாகிர் எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு பேராச்சியிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இவர் சொந்தமாக ஒன்றும் சேர்க்கவில்லை என்று சொன்னாள். அவள் சொன்னால் சரி.