காப்பு வாயு

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. என் தம்பி மனைவி வினோதினி போன வாரம் கேட்டாள்: "மாமா, வீட்டுல வச்சிப் பழகற மிக் வெல்டிங் மிஷினுக்கு எந்த கேஸ் வாங்கட்டும்?"

பதில் சொல்வதை விட்டுவிட்டுக் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளை காலை, தம்பியோடு வேலை பார்த்த கதிர்வேல் கடலூரிலிருந்து சிலிண்டரோடு சிதம்பரம் வருகிறான். எந்த சிலிண்டர் என்று அவனுக்கு இன்று சொல்லியாக வேண்டும். கதை முடிந்தால் பதிலும் கிடைத்துவிடும் என்று ஒரு நப்பாசை.

கேள்வி என்னவோ சாதாரணக் கேள்விதான். ஆனால் என் தம்பி சிலம்பரசன் கேஸால்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

2

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. அடுத்தவர் வாக்கியத்தை அடிப்பது சுலபம். என்னுடையதை அடிக்கும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

[அடித்தது: "அன்று கடலூரில் வெயில் கொளுத்தியது."] வெயில் தம்பியைக் கொல்லவில்லை. வெயில்தான் என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள். அந்தத் தவறை நானும் முதல் வரியிலேயே செய்யக் கூடாது.

இன்னொரு தொடக்கம். பழைய தமிழ்ப் புத்தகங்கள் காப்புச் செய்யுளோடு தொடங்கும். நூல் இடையூறில்லாமல் முடிய வேண்டும் என்ற வேண்டுதல் அது. பாலிடெக்னிக் பாடநூல் ஒன்றைத் திருத்தியபோது அதே சொல்லை வேறோர் இடத்தில் பார்த்தேன்: காப்பு வாயு. பற்றவைக்கும்போது உருகிய இரும்பைக் காற்று தொடக் கூடாது, தொட்டால் ஓட்டை விழும். அதனால் அதைச் சுற்றி வேறொரு வாயுவை ஊதிக் காற்றை விலக்குகிறார்கள். நல்ல மொழிபெயர்ப்பு என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். தம்பி அப்போது உயிரோடு இருந்தான்.

பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கேஸ் என்பார்கள். நம் வீடுகளில் கேஸ் என்றால் அடுப்பு சிலிண்டர், கசிந்தால் நாறும். நாற்றத்தை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டோம். நாற்றம் இல்லாவிட்டால் கேஸும் இல்லை. இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மூக்கே கற்றுக்கொண்டது.

3

நடந்தது இவ்வளவுதான். ஓர் எவர்சில்வர் தொட்டி, ஆள் இறங்கும் அளவு. வெளியே பற்றவைக்கும்போது உட்பக்கம் கறுக்காமல் இருக்கத் தொட்டிக்குள் ஆர்கான் என்ற மணமில்லாத காப்பு வாயுவை நிரப்பியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் யாரும் அதை வெளியேற்றவில்லை. உள்ளே விழுந்த கையுறையை எடுக்கச் சிலம்பரசன் இறங்கினான். ஏறவில்லை.

கூட வேலை பார்த்த கதிர்வேல் தலையை நீட்டி மோந்து பார்த்தான். "நாத்தம் ஒண்ணும் இல்லப்பா. வெயிலுக்கு மயக்கம் போட்டுட்டான், தண்ணி எடுத்தாங்க" என்றான். தண்ணீருக்கு ஓடினார்கள். கதிர்வேல் தூக்குவதற்கு இறங்கி, பாதியில் கால் மடங்கி, பெல்ட்டைப் பிடித்து இழுக்கப்பட்டுப் பிழைத்தான்.

கருமாதி அன்று என்னிடம் வந்து நின்றான். "அண்ணே, உள்பக்கம் வெள்ளி மாதிரி இருந்துச்சு. ஒரு கறுப்பு இல்ல" என்றான்.

காப்பு தன் வேலையைச் செய்திருந்தது.

(கதிர்வேலைப் பற்றி ஒரு சந்தேகம். வாசகருக்குக் குற்றவாளி வேண்டும். ஒரு பிரதியில், அவன் மோந்து பார்த்தபோது சிரித்ததாக எழுதினேன். கதை உடனே விறுவிறுப்பாகிவிட்டது. அவன் சிரிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

4

வினோதினியை எப்படி எழுதுவது? தையல் வேலை செய்கிறவள். அவளைத் துயரமே உருவாக எழுதினால் படித்துவிட்டு, "இது யாரு மாமா, நல்லா அழுவறாளே" என்பாள். பெண்களுக்கான வெல்டிங் பயிற்சிக்குப் போனவள், சான்றிதழோடு வந்து சொன்னாள்: "இதுவும் தையல் மிஷினுதான் மாமா. நூலுக்குப் பதிலா கம்பி. துணி தைக்கிறவ இரும்பு தைக்க மாட்டாளா?"

அவன் போன வேலைக்கே நீ போக வேண்டுமா என்று கேட்டேன். அவர் ரோட்டில் அடிபட்டுச் செத்திருந்தால் நான் ரோட்டில் நடக்க வேண்டாமா என்று திருப்பிக் கேட்டாள்.

பழகிப் பார்க்கக் கதிர்வேல் ஒரு சின்ன சிலிண்டர் கொடுத்திருந்தான். ஆர்கானில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தது, மிக்ஸ் என்பார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு தகட்டை ஒட்டினாள். கடல் பக்கமிருந்து வரும் காற்று வாயுவைக் கலைத்துவிட்டது. ஒட்டிய இடமெல்லாம் பொடிப்பொடியாக ஓட்டை. ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, இன்னொன்று. வழவழவென்று வந்தது.

"பாத்தீங்களா? இரும்புக்குக் காத்து ஆவாது."

"உனக்கு ஆகும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வெல்டிங் கன்னை மூக்கருகே கொண்டுபோய் விசையை லேசாக அழுத்தி மோந்தாள். நான் பிடுங்குவதற்குள் முடிந்துவிட்டது.

"சோடா குடிச்சா மூக்குல ஏறும்ல, அந்த மாதிரி லேசா ஏறுது" என்றாள். பிறகு, "அவருக்கு இதுகூட வந்திருக்காது" என்றாள்.

தொட்டியில் இருந்தது தனி ஆர்கான். வந்திருக்காதுதான்.

5

ஆகவே கதைக்கு மூன்று முடிவுகள்.

அ. முழு கார்பன் டை ஆக்சைடு. பொறி ஜாஸ்தியாகத் தெறிக்கும், ஒட்டு முரடாக வரும். ஆனால் அறையில் நிறைந்தால் உடம்பு மூச்சுக்குத் தவிக்கும், எச்சரிக்கும். இந்த முடிவை ஆசையோடு எழுதினேன். கதிர்வேலிடம் போனில் படித்துக் காட்டினேன். "அண்ணே, மூச்சு முட்டுற வரைக்கும் காத்திருக்கறதா காவலு? அதுவும் ஆளைச் சாய்க்கும்" என்றான். அடித்தேன்.

ஆ. கேஸே வேண்டாம். கம்பிக்குள் மருந்து வைத்த ஒயர் இருக்கிறது, அந்த மருந்தே எரிந்து காப்பாகும். காற்று அடித்தாலும் ஒட்டும், ஜன்னலைத் திறந்தே வைக்கலாம். புகை வரும், நாறும். நாறட்டும் என்று எழுதினேன். வினோதினி படித்துவிட்டு, "பொகை மட்டும் நெஞ்சுக்கு நல்லதா மாமா? நான் செய்யப்போறது மெல்லிசு பைப்பு நாற்காலி. பொத்துக்கிட்டுப் போயிடும்" என்றாள்.

இ. மிக்ஸ். புதிதாகப் பழகுகிறவருக்கும் மெல்லிய இரும்புக்கும் அதுதான் அடங்கி நடக்கும். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள். சரியான பதில் அதுதான். அதில் பெரும்பங்கு ஆர்கான். என் தம்பியைக் கொன்ற அதே

6

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். வினோதினி என் கதைக்காகக் காத்திருக்கவில்லை. அவளே கதிர்வேலைக் கூப்பிட்டு மிக்ஸ் என்று சொல்லிவிட்டாள். காலையில் அவன் சிலிண்டரைப் பின்னறைச் சுவரோடு சங்கிலி போட்டு நிறுத்தினான். காற்று வரும் பக்கம் மட்டும் தகரத்தால் மறைத்து வை, கதவு திறந்தே இருக்கணும், கையை எடுத்ததும் வால்வை மூடு என்று சொல்லிக்கொடுத்தான். அவள் மூன்றுக்கும் தலையாட்டினாள். போகும்போது என்னிடம், "பக்கத்துல இருங்கண்ணே" என்றான்.

கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பின்னறையிலிருந்து எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் காற்று வலுத்திருக்கிறது. முற்றத்துக் கொடியில் துணிகள் கிடைமட்டமாகப் பறக்கின்றன.

இப்போது நிமிர்ந்து பார்க்கிறேன். பின்னறைக் கதவு சாத்தியிருக்கிறது. காற்று சாத்தியதா, அவள் சாத்தினாளா? இரண்டில் எதை எழுதினாலும் கதைக்கு நல்ல முடிவு கிடைக்கும். பொரியும் சத்தம் நின்றிருக்கிறது. கேஸ் சீறுவது மட்டும் கேட்கிறது.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் கதவைத் திறக்கப் போகிறேன்.