வத்ஹாவின் முன்னால் வைத்த கோப்பை

காலை ஒன்பது மணிக்கு மூன்று வண்டிகள் ரியாத்தை விட்டுக் கிளம்பின. முன்வண்டியை ஒரு பெண் ஓட்டுவதை அபூ ஃபர்ராஜால் சீரணிக்க முடியவில்லை. இருபது வருடமாக ஃபிஹ்ரைன் பாறை விளிம்புக்குச் சுற்றுலா வருகிறவர்களைக் கூட்டிப்போகிறவர் அவர். வத்ஹாவோ போன வருடம்வரை பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தியவள். வழிகாட்டி உரிமம் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது.

கம்பெனி முதலாளி ராகான் கடைசி வண்டியைத் தானே ஓட்டி வந்தான். இந்தக் குளிர்காலம் முழுக்க முன்வண்டி யாருக்கு என்று அன்று சாயங்காலம் சொல்வதாக இருந்தான். வத்ஹாவுக்கு ஆசையை ஒளித்து வைக்கத் தெரியாது. "எனக்குத்தான் குடுக்கணும்" என்று அவனிடம் நேராகவே கேட்டிருந்தாள்.

தார்ச்சாலை முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். "டயர்ல காத்தைக் குறைச்சுக்கங்க. ஓடைக்குள்ள மணல் இளகிக் கிடக்கு."

அபூ ஃபர்ராஜ் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். "டீச்சரம்மா, நான் இந்த மணல்ல ஓட்டக் கத்துக்கிட்டப்ப உனக்குப் பால்பல்லு விழுந்திருக்காது. பாடத்தைப் பிள்ளைங்களுக்கு நடத்து."

"நீங்க ஓட்டக் கத்துக்கிட்ட மணல் இல்ல இது. போன வாரத்து வெள்ளம் கொண்டாந்து கொட்டினது."

கண்ணாடி மேலே ஏறிக்கொண்டது.

கருவேல மரங்களுக்கு நடுவே பாதி தூரம்கூடப் போகவில்லை, அவர் வண்டி அச்சுவரை புதைந்து நின்றது. சிக்கிய வண்டியைத் தாண்டிப் போகிறவனை அந்த ஊரில் மனிதனாக மதிக்கமாட்டார்கள், சிக்கியவன் பகையாளியாக இருந்தாலும் சரி. வத்ஹா பின்னால் வந்து, கயிற்றை மாட்டி, ஒரே இழுப்பில் வெளியே எடுத்தாள்.  குத்திக்காட்டாமலிருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அவர் வண்டியிலிருந்த கொரியாக்காரர்கள் நால்வரும் கைதட்டினார்கள். அபூ ஃபர்ராஜின் முகம் கறுத்துவிட்டது.

விளிம்பில் காற்று ஆளைத் தள்ளியது. பூமி அங்கே வெட்டிவிட்டதுபோல முடிந்து, முந்நூறு மீட்டர் கீழே மறுபடி தொடங்குகிறது. வந்தவர்கள் படமெடுத்துக் களைத்துத் திரும்பியதும், வத்ஹா பாறை மறைவில் பாயை விரித்துப் பேரீச்சம்பழத்தை நடுவில் வைத்தாள். காப்பிக் கெண்டியை இடது கையிலும் கோப்பைகளை வலது கையிலும் பிடித்து, வலப்பக்கத்திலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தாள்.

அபூ ஃபர்ராஜ் கோப்பையை வாங்கினார். வாயருகே கொண்டுபோகாமல் அவளுக்கு முன்னால் பாயில் வைத்தார்.

ராகான் மென்றுகொண்டிருந்த பழத்தை அப்படியே வாயில் நிறுத்தினான். காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால் ஒரு வேண்டுகோள் இருக்கிறது என்று பொருள். 'குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு' என்று காப்பி கொடுத்தவர் சொல்லவேண்டும். மறுத்தால் குலத்துக்கே இழுக்கு. கொலைப்பழியைக்கூட அந்த மக்கள் இப்படித் தீர்த்துக்கொண்டதுண்டு.

கொரியப் பெண் ஒருத்தி, அவருக்குக் காப்பி பிடிக்கவில்லையா என்று கேட்டாள். "சூடு ஆறட்டும்னு வெச்சிருக்கார்" என்றாள் வத்ஹா, அவளுக்குப் புரிகிற மொழியில். பிறகு அவரைப் பார்த்தாள். "கேளுங்க."

"முன்வண்டிய எனக்கு விட்டுக் குடு. இன்னைக்கும், இந்த சீசன் முழுக்கவும்."

 வத்ஹாவுக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். மணலில் புதைந்த மானத்தைத் என் கெண்டியைக் கொண்டே தோண்டியெடுக்கப் பார்க்கிறாரே என்ற ஆத்திரம். அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

"அபூ ஃபர்ராஜ், கோப்பைய யார் முன்னால வைப்பாங்க?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்த இடத்துக்கு யார் தலையோ, அவங்க முன்னால. முதலாளி உங்க பக்கத்துலயேதான் உக்காந்திருக்கார். அவர் முன்னால வைக்கல. என் முன்னால வெச்சீங்க. இங்க தலை நான்தான்னு நீங்களே நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டீங்க."

அபூ ஃபர்ராஜ் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். 

"சரி, தலைன்னே வெச்சுக்க. அப்ப கேட்டதைக் குடு. அதானே முறை?"

"குடுக்கமாட்டேன்."

ராகான் தொண்டையைக் கனைத்தான். "வத்ஹா, யோசிச்சுப் பேசும்மா. உன் அப்பா பேரு ஊருக்குள்ள அடிபடும்."

"அடிபடட்டும். என் ஒட்டகத்தைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன், என் வீட்டைக் கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். நம்மள நம்பி வந்த எட்டுப் பேரு உசுரோட வீடு போய்ச் சேரணும். அது நான் தூக்கிக் குடுக்கற பொருள் இல்ல. கோப்பை வெச்சா பொம்பள பயந்துருவான்னு பாத்தீங்க. எனக்குப் பயம் இல்ல. எவன் வேணா பேசிட்டுப் போகட்டும்."

 கேட்டது மறுக்கப்பட்டவன் காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விடவேண்டும் என்பது முறை. மறுத்தவளோடு பிறகு ஒரு பயணமும் கிடையாது. போவதற்கு அவருக்கு வழி தெரியும், வண்டியும் இருந்தது. ஆனால் போய்விட்டால் நாளை வேலைக்கு வரமுடியாது. அபூ ஃபர்ராஜ் ராகானைப் பார்த்தார். ராகான் விளிம்பைப் பார்த்தான்.

அவர் கையை நீட்டினார். ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் விழுங்கினார்.

வத்ஹாவுக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. பல் தெரியச் சிரித்துக்கொண்டே கெண்டியைச் சாய்த்தாள்.

"இது சூடா இருக்கு. விருந்தாளியா குடிங்க."